வயிற்றுப் புழுவும் பிள்ளையின் இழுப்பும்

"அங்கிள், பையனுக்கு ஆஸ்துமா. வயித்துல பூச்சி இருந்தா ஆஸ்துமா வராதுன்னு வாட்ஸாப்ல வந்திருக்கு. பூச்சி மாத்திரை குடுத்தா இழுப்பு அதிகமாயிடுமா?"

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கெமிஸ்ட் கடையின் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற எனக்கு இந்தக் கேள்வி பழகிப் போய்விட்டது. சுருக்கமான பதில்: பயப்பட வேண்டாம், மாத்திரையைக் கொடுக்கலாம். ஆனால் அந்த வாட்ஸாப் செய்தி முழுப் பொய்யும் இல்லை. பாதி உண்மை அதில் இருக்கிறது. எந்தப் புழு, எத்தனை புழு, எந்த வயதில் என்ற மீதிப் பாதியைத்தான் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. அந்த மீதியைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் புழுக்களைத் தெரிந்துகொள்வோம். உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகிய மூன்றும் மண் வழியாகப் பரவுபவை. உலகத்தில் சுமார் 150 கோடிப் பேர் இவற்றில் ஏதாவது ஒன்றைச் சுமக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இரவில் ஆசனவாயில் அரிப்பைக் கொடுக்கும் கீரிப்பூச்சி வேறு இனம். அது மண்ணில் வளர்வதில்லை, வீட்டுக்குள்ளேயே விரல் நகத்திலும் படுக்கை விரிப்பிலும் பரவுவது. கடைக்கு வரும் அம்மாக்கள் "பூச்சி" என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆஸ்துமா ஆராய்ச்சியில் அதிகம் பேசப்படுவது மண்புழுதியில் முட்டையாகக் கிடக்கும் முதல் மூன்றும்தான்.

டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் கடற்கரை அந்த முட்டைகளுக்குத் தோதான இடம். வெயில், ஈரம் இரண்டும் உண்டு. கடற்கரையிலிருந்து டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பக்கம் ஏற ஏறப் புழுத்தொல்லை குறைந்துகொண்டே போகும், மேலே குளிர் அதிகம். கொக்கிப்புழு பெரும்பாலும் மாகாணத்தின் வடகோடி மணற்பாங்கான கடலோரத்தோடு நின்றுவிடுகிறது. டர்பனின் குடிசைப் பகுதிகளில் நடந்த ஆய்வில் பெரும்பாலான பிள்ளைகளின் வயிற்றில் உருண்டைப்புழு இருந்தது. மாத்திரை கொடுத்துச் சுத்தம் செய்த பிறகும் சில மாதங்களில் திரும்பி வந்தது. கழிப்பறை இல்லாத இடத்தில் மாத்திரை மட்டும் என்ன செய்யும்?

உருண்டைப்புழுவின் பயணத்தைத் தெரிந்துகொண்டால் மூச்சுக்கும் வயிற்றுக்கும் என்ன தொடர்பு என்பது பாதி விளங்கிவிடும். கழுவாத கையோடோ காய்கறியோடோ முட்டை வாய்க்குள் போகிறது. சிறுகுடலில் பொரிகிறது. பொரிந்த குஞ்சு அங்கேயே தங்குவதில்லை. குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் ஏறி, கல்லீரல் வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கே காற்றறைகளுக்குள் புகுந்து, மூச்சுக்குழாயில் மேலேறித் தொண்டைக்கு வருகிறது. பிள்ளை அதை எச்சிலோடு விழுங்கிவிட, மறுபடியும் குடலுக்கு வந்து பெரிதாகிறது. இரண்டு மூன்று மாதத்தில் முட்டையிடத் தயார். ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடும்.

இதை நிரூபித்த கதை கொஞ்சம் குமட்டும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். 1922ல் ஜப்பானிய மருத்துவர் கொய்னோ ஷிமேசு, உருண்டைப்புழு முட்டைகளில் 2000ஐத் தானே விழுங்கினார். சில நாளில் நிமோனியா போல மூச்சுத் திணறல் வந்தது. அவருடைய சளியில் புழுக்குஞ்சுகள் நெளிந்தன. வயிற்றுப் புழு என்று நாம் சொல்வது நுரையீரல் வழியாக வரும் புழு என்பது அப்படித்தான் உறுதியானது. குஞ்சுகள் நுரையீரலைக் கடக்கும் அந்த நாட்களில் வறட்டு இருமலும் இழுப்பும் வரலாம். ரத்தத்தில் இயோசினோபில் என்ற ஒரு வகை வெள்ளணு எகிறும். சுவிட்சர்லாந்தின் லோஃப்ளர் 1932ல் இதை விவரித்ததால் அவர் பெயராலேயே லோஃப்ளர் நோய்க்குறி என்கிறார்கள். ஸ்டெதாஸ்கோப் வைத்தால் ஆஸ்துமா போலத்தான் கேட்கும்.

இனி அலர்ஜிக்கு வருவோம். தூசியிலோ மகரந்தத்திலோ உள்ள ஒரு புரதத்தை உடம்பு எதிரி என்று எடுத்துக்கொண்டு அதற்கு ஐஜிஈ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிப்பதில் அலர்ஜி தொடங்குகிறது. 1960களின் நடுவில் அமெரிக்காவில் வேலை பார்த்த இஷிசாகா தம்பதியும், ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். ஐஜிஈ போய் மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்களின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அதே தூசி மறுபடியும் வரும்போது அந்தச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். மூக்கில் நடந்தால் தும்மல், தோலில் நடந்தால் தடிப்பு, மூச்சுக்குழாயில் நடந்தால் இழுப்பு.

தூசியைக் கண்டு இவ்வளவு பெரிய ஏற்பாடு எதற்கு? ஏற்பாடு தூசிக்காக உண்டானது அல்ல, புழுவுக்காக உண்டானது என்பதுதான் பெரும்பாலான நிபுணர்கள் ஏற்றுக்கொண்ட விளக்கம். புழு உள்ளே வந்தாலும் இதே ஐஜிஈதான் ஏறுகிறது, இதே இயோசினோபில்தான் பெருகுகிறது. குடலில் சளி சுரப்பதும் தசை சுருங்குவதும் புழுவை வெளியே தள்ளத்தான். அதே வேலை மூச்சுக்குழாயில் நடந்தால் அதற்குப் பெயர் ஆஸ்துமா. இன்னொரு சங்கதியும் உண்டு. உருண்டைப்புழுவின் தசையில் உள்ள ட்ரோபோமையோசின் என்ற புரதம், மெத்தையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத டஸ்ட் மைட் என்ற சிற்றுயிரிலும் கரப்பான் பூச்சியிலும் உள்ளதோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். புழுவை எதிர்க்கப் பழகிய உடம்பு மைட்டைக் கண்டாலும் சிலிர்த்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

இவ்வளவையும் படித்தால், புழு இருந்தால் அலர்ஜி கூடத்தானே வேண்டும் என்று தோன்றும். இங்கேதான் கதை திரும்புகிறது. புழு ஒரு வாரம் தங்கிப் போகும் விருந்தாளி இல்லை, ஒரு வருஷம் இரண்டு வருஷம் குடியிருப்பது. அத்தனை நாளும் உடம்பு கொதித்துக்கொண்டே இருந்தால் புழுவும் பிழைக்காது, பிள்ளையும் பிழைக்காது. அதனால் புழுக்கள் எதிர்ப்பைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. உடம்பும் தன் பங்குக்கு டி-ரெக் எனப்படும் அடக்கும் செல்களைப் பெருக்குகிறது. காவடித் திருவிழாவில் கூட்டம் நெருக்கித் தள்ளும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு "மெதுவா, மெதுவா" என்று சொல்லும் தொண்டர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் யாரையும் வெளியே அனுப்புவதில்லை, யாரும் மிதிபடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஐஎல்-10 என்ற பொருளைச் சுரந்து டி-ரெக் செல்கள் செய்வது அதைத்தான். புழுவுக்காக வந்த அடக்கம், பக்கத்தில் நிற்கும் தூசி அலர்ஜிக்கும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறது.

இது வெறும் ஊகமாக நிற்கவில்லை. வெனிசுவேலாவின் கரகாஸ் நகரக் குடிசைப் பிள்ளைகளுக்கு 22 மாதம் புழு மருந்து கொடுத்துப் பார்த்து 1993ல் எழுதினார்கள். மொத்த ஐஜிஈ இறங்கியது, ஆனால் மைட் சாற்றை வைத்துக் குத்தியபோது தோல் தடிப்பது அதிகமானது. 2000ல் ஆப்பிரிக்காவின் கபோன் நாட்டிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. பில்ஹார்சியா கிருமியைச் சுமந்த பிள்ளைகளுக்கு மைட் தோல் சோதனை பாஸிட்டிவாக வருவது குறைவு. அந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் மைட்டுக்கான ஐஜிஈ இருந்தும் தோல் தடிக்கவில்லை, ஐஎல்-10 மட்டும் கூடியிருந்தது. பில்ஹார்சியா குடல்புழு அல்ல, ரத்தக்குழாயில் வாழ்வது. நம் மாகாணத்து ஆறுகளில் குளித்த பிள்ளைகளுக்குச் சிறுநீரில் ரத்தம் போவதைப் பார்த்தவர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இந்த ஆய்வுகளுக்கெல்லாம் முன்னாலேயே, 1989ல், இங்கிலாந்தில் ஸ்ட்ராச்சன் என்பவர் 1958ல் பிறந்த 17,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரத்தை அலசி, மூத்த உடன்பிறப்புகள் அதிகம் உள்ளவர்களுக்கு ஹே ஃபீவர், அதாவது மகரந்த அலர்ஜியால் வரும் தும்மலும் மூக்கொழுகலும், குறைவு என்று காட்டியிருந்தார். சுத்தம் அதிகமானதால் அலர்ஜி அதிகமானது என்ற பேச்சு அங்கிருந்துதான் பரவியது. தென்னாப்பிரிக்காவில் அதற்கும் பத்து வருஷம் முந்தியே ஒரு கணக்கு எடுத்திருந்தார்கள். 1979ல் வெளியான அந்த ஆய்வில், கேப்டவுனில் வாழ்ந்த ஷோசா இனப் பிள்ளைகளில் 3.17 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா, டிரான்ஸ்கை கிராமத்து ஷோசா பிள்ளைகளில் 0.14 சதவீதம்தான். ஒரே இனம், ஒரே மொழி, இடம் மட்டும் வேறு. கிராமத்தில் புழு இருக்கிறது, நகரத்தில் இல்லை, ஆகவே புழுதான் காரணம் என்று முடிச்சுப்போட ஆசை வரும்.

அந்த முடிச்சு அவிழ்ந்ததும் இங்கேதான். கால்வர்ட், பர்னி என்ற இரண்டு பேர் தென்னாப்பிரிக்காவின் நகரம், கிராமம் இரண்டிலும் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 2010ல் முடிவை வெளியிட்டார்கள். தோல் சோதனையோடு நிறுத்தாமல், பிள்ளைகளை ஓடவிட்டு, ஓடியபின் மூச்சுக்குழாய் எவ்வளவு சுருங்குகிறது என்றும் அளந்தார்கள். உருண்டைப்புழு இருந்த பிள்ளைகளுக்குத் தோல் சோதனை பாஸிட்டிவாக வருவது குறைவாகவே இருந்தது. ஆனால் ஓடியபின் மூச்சுக்குழாய் சுருங்குவது அதிகமாக இருந்தது!

என்னைக் கேட்டால் இந்த விஷயம் முழுவதிலும் மனதில் நிறுத்த வேண்டியது இதுதான். தோலில் தெரியும் அலர்ஜி ஒரு கணக்கு, நெஞ்சில் கேட்கும் இழுப்பு இன்னொரு கணக்கு. ஒரே புழு முன்னதைத் தணித்துவிட்டுப் பின்னதைக் கிளப்பிவிடலாம். "புழு அலர்ஜியைக் குறைக்கிறது" என்ற செய்தியை எழுதுகிறவர்கள் முதல் கணக்கை மட்டும் படித்துவிட்டு ஆஸ்துமாவைப் பற்றிப் பேசுகிறார்கள். பிள்ளையை ராத்திரி தூங்கவிடாமல் செய்வது எது? கையில் வரும் தடிப்பா, நெஞ்சில் வரும் இழுப்பா?

புழுவுக்குப் புழுவும் வித்தியாசம் இருக்கிறது. உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்து 2006ல் ஒரு தொகுப்பு வந்தது. அதன்படி கொக்கிப்புழு உள்ளவர்களுக்கு ஆஸ்துமா வாய்ப்பு ஏறத்தாழப் பாதி. உருண்டைப்புழு உள்ளவர்களுக்கோ வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பெரிய சுமையாகப் பல வருஷம் இருக்கும் புழு ஒரு மாதிரி நடந்துகொள்ளும், எப்போதாவது வந்துபோகும் புழு இன்னொரு மாதிரி. கேப்டவுனின் ரேவன்ஸ்மீட், உயிட்சிக் பகுதிகளில் நடந்த ஆய்வில், உருண்டைப்புழுவுக்கு எதிரான ஐஜிஈ ரத்தத்தில் இருந்த நகரப் பிள்ளைகளுக்கு அலர்ஜியும் ஆஸ்துமாவும் கூடுதலாகவே இருந்தன. அடக்கும் செல்கள் பெருகும் அளவுக்குப் புழு இல்லை, ஐஜிஈயைக் கிளப்பிவிடும் அளவுக்கு மட்டும் இருக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற இடங்களில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டியது கபோன் கிராமத்தை அல்ல, இந்த நிலையைத்தான் என்பது என் கணிப்பு.

சரி, மாத்திரை கொடுத்தால் என்ன ஆகிறது? பார்த்துச் சொல்வதைவிடக் கொடுத்துச் சோதிப்பது நம்பகமானது. ஈக்வடார் நாட்டில் 68 கிராமப் பள்ளிகளைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வருஷம் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையைக் கொடுத்தார்கள். தோல் சோதனையிலும் வித்தியாசம் இல்லை, இழுப்பிலும் இல்லை. 2006ல் வந்த முடிவு இது. வியட்நாமில் 1566 பள்ளிப் பிள்ளைகளிடம், கொக்கிப்புழு அதிகமுள்ள இடத்தில், இதே மாதிரி செய்து 2010ல் எழுதினார்கள். மாத்திரை எடுத்தவர்களுக்குத் தோல் சோதனை பாஸிட்டிவ் கூடியது, ஆனால் ஆஸ்துமாவோ இழுப்போ கூடவில்லை. மறுபடியும் அதே இரண்டு கணக்கு.

கொஞ்சம் யோசிக்க வைப்பது உகாண்டாவின் என்டெபி ஆய்வு. 2500 கர்ப்பிணிகளில் ஒரு பகுதியினருக்கு அல்பெண்டசோல் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளுக்குக் கரப்பான், அதாவது எக்ஸிமா, அதிகமாக வந்தது. அடக்கத்தைப் பிள்ளை கற்றுக்கொள்வது வயிற்றுக்குள் இருக்கும்போதே தொடங்குகிறதோ என்ற சந்தேகம் இதனால் வலுத்தது. அதனால் கர்ப்பிணிகள் பூச்சி மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் கூடவே கூடாது. பிறகு ரத்தசோகையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.

புழுவையே மருந்தாகக் கொடுத்தால் என்ன என்றும் பார்த்தாயிற்று. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஆஸ்துமா உள்ள பெரியவர்களின் தோலில் பத்துக் கொக்கிப்புழுக் குஞ்சுகளை விட்டார்கள். பெரிய ஆபத்து ஏதும் வரவில்லை, குறிப்பிடும்படியான குணமும் கிடைக்கவில்லை. டென்மார்க்கில் பன்றிச் சாட்டைப்புழு முட்டையைக் குடிக்கக் கொடுத்தும் ஹே ஃபீவர் அசையவில்லை. இப்போது புழுவை விட்டுவிட்டு, அது சுரக்கும் பொருள்களைப் பிரித்தெடுத்து மருந்தாக்க முடியுமா என்று ஆய்வுக்கூடங்களில் பார்க்கிறார்கள். இன்டர்நெட்டில் புழு முட்டை விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அப்படியானால் நகரத்தில் ஏன் இழுப்பு அதிகம்? கேப்டவுனில் 13, 14 வயதுப் பிள்ளைகளில் இழுப்பு உள்ளவர்கள் 1995ல் 16 சதவீதம், 2002ல் 20.3 சதவீதம். ஏழு வருஷத்தில் புழு அவ்வளவா குறைந்துவிட்டது? கரும்புத் தோட்டத்து பாரக்ஸில் வெறுங்காலோடு நடந்த ஆயா, தாத்தா காலத்துக்கும் இன்றைக்கும் நடுவில் மாறியது புழு மட்டும் இல்லை. தரைவிரிப்பு வந்தது, டிவி வந்தது, பிள்ளை வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்தது, எடை கூடியது, வீட்டுக்கு வீடு கார் வந்தது. தெற்கு டர்பனின் மெரிபேங்க் பக்கத்தில் இருந்து வந்தவர்களிடம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் புகையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தெற்கு டர்பன் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆஸ்துமா மிக அதிகம் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். டர்பனின் ஈரக்காற்றில் டஸ்ட் மைட் கொழிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிராமத்துக்குப் புழுவைத் தவிர வேறு பாதுகாப்புகளும் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு வரும் உணவு அலர்ஜி கேப்டவுனில் 2.5 சதவீதம், கிழக்குக் கேப்பின் ம்கன்டுலி கிராமப் பகுதியில் 0.5 சதவீதம் என்று 2019ல் ஓர் ஆய்வு வந்தது. அதில் ஆடு மாடுகளோடு பழகி வளர்வது பாதுகாப்பாகத் தெரிந்தது. அலர்ஜி வரக்கூடாது என்று புழுவை வயிற்றில் வைத்துக்கொள்வதைவிட, பிள்ளையை மண்ணிலும் வெயிலிலும் விளையாட விட்டுவிட்டுச் சாப்பிடுமுன் கையைக் கழுவ வைப்பது எவ்வளவோ மேல்.

வயிற்றில் புழு இருப்பதற்குக் கொடுக்கும் விலையும் சின்னதல்ல. கொக்கிப்புழு ரத்தத்தைக் குடித்து ரத்தசோகை உண்டாக்கும். சாட்டைப்புழு அதிகமானால் ரத்தபேதியும் வளர்ச்சிக் குறைவும் வரும். உருண்டைப்புழுக்கள் பந்தாகச் சுருண்டு குடலை அடைத்தும், பித்தக்குழாய்க்குள் நுழைந்தும் அறுவை சிகிச்சை வரை போன பிள்ளைகளைப் பற்றிக் கேப்டவுன் ரெட் கிராஸ் குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். இதனால்தான் அரசு 2016 முதல் ஏழைப் பகுதி ஆரம்பப் பள்ளிகளில் மெபெண்டசோல் 500 மில்லிகிராம் கொடுக்கிறது. ஒரே மாத்திரை, ஒரே வேளை. பிள்ளையின் ஆஸ்துமா பம்ப்போடு, அதாவது இன்ஹேலரோடு, அதற்கு எந்தச் சண்டையும் இல்லை. மாத்திரை சாப்பிட்ட நாளிலும் பம்ப்பை நிறுத்த வேண்டாம். பள்ளியில் கொடுக்காவிட்டால் கடையிலேயே வாங்கலாம். ஆனால் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் கிளினிக்கில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும் பாக்கி. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று ஒரு நூல் போன்ற புழு உண்டு. வெறும் காலில் மண் வழியாக ஏறி, உடம்புக்குள்ளேயே தன் இனத்தைப் பெருக்கிக்கொண்டு, எந்தக் குறியும் காட்டாமல் பல வருஷம் இருக்கும். ஆஸ்துமா முற்றும்போது கொடுக்கிற ப்ரெட்னிசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் உடம்பின் எதிர்ப்பை இறக்குவதால் இந்தப் புழு கட்டுக்கடங்காமல் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். உறிஞ்சும் பம்ப்பைப் பற்றிய பேச்சல்ல இது, வாய்வழி மாத்திரையை அதிக அளவில் அல்லது நீண்ட நாள் எடுப்பதைப் பற்றியது. ஒரே வேளை கொடுக்கும் மெபெண்டசோல் இதை ஒழிக்காது, ஐவர்மெக்டின் என்ற மருந்து வேண்டும். பம்ப்பை ஒழுங்காக எடுத்தும் இழுப்பு அடங்காத பிள்ளைக்கு, ரத்தப் பரிசோதனையில் இயோசினோபில் மிக அதிகமாகவும் இருந்து, கிராமப்புறத்திலோ வெளிநாட்டிலோ வெறுங்காலோடு திரிந்த பழக்கமும் இருந்தால், ஸ்டீராய்டு மாத்திரை தொடங்குமுன் மலப் பரிசோதனையும் இந்தப் புழுவுக்கான ரத்தப் பரிசோதனையும் செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மலத்தை ஒரு நாள் மட்டும் பார்த்தால் தப்பிவிடும், வேறு வேறு நாளில் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் பிள்ளை மூச்சுத் திணறி நிற்கும் அவசரத்தில் ஸ்டீராய்டை மறுக்க வேண்டாம், பரிசோதனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.